அண்ணி வங்கி முகவர் வேலையை எடுக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வரப்போரம் எழுதியது:

வணக்கம். எங்கள் ஊராட்சியில் நாலு குக்கிராமங்கள் இருக்கின்றன. வங்கிக் கிளை டவுனில். காலைப் பேருந்தைப் பிடித்தால் மதியம்தான் திரும்ப முடியும். நூறு நாள் வேலைச் சம்பளம், உரிமைத் தொகை, முதியோர் பணம் எல்லாம் இப்போது கணக்கில்தான் ஏறுகிறது. அந்த ஆயிரத்தை எடுக்க ஒரு நாள் கூலியை விட வேண்டியிருக்கிறது. நடக்க முடியாதவர்கள் அடுத்தவரிடம் ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் கொடுத்து அனுப்புகிறார்கள்.

போன வாரம் வங்கியிலிருந்து வந்தவர்கள், மகளிர் குழுவிலிருந்து ஒருவரை முகவராகப் போடுகிறோம் என்றார்கள். ஒரு கருவி, கைரேகை வைக்கும் இயந்திரம், பயிற்சி எல்லாம் தருவார்களாம். குழுக் கணக்கை எழுதுவது என் அண்ணிதான், பன்னிரண்டாவது வரை படித்தவர். அவரைத்தான் கேட்கிறார்கள். அண்ணிக்கு ஆசை இருக்கிறது. அண்ணனோ, ஊர்ப் பணத்தைக் கையில் வாங்கினால் என்றைக்காவது கெட்ட பெயர் வரும் என்கிறார்.

வருமானம் கட்டுபடியாகுமா? மக்களுக்கு உண்மையிலேயே பயன் உண்டா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பழையகிளை எழுதியது:

நான் பொதுத்துறை வங்கியில் கிராமக் கிளைகளில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் அண்ணி யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதும் புரியும்.

2005 கடைசியில் புதுச்சேரியில் மங்கலம் கிராமத்தில் எல்லா வீட்டுக்கும் கணக்குத் தொடங்கிக் கொடுத்தது இந்தியன் வங்கி. அடுத்த மாதமே, 2006 ஜனவரியில், கிளை திறக்க முடியாத இடங்களில் வெளியாட்கள் மூலம் சேவை தரலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்தது. முதலில் தொண்டு நிறுவனங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் போன்றவற்றுக்குத்தான் இடம். பிறகு ஓய்வு பெற்ற ஆசிரியர், மளிகைக் கடைக்காரர் என்று தனி ஆட்களையும் சேர்த்தார்கள். 2010இல் லாப நோக்குள்ள நிறுவனங்களும் வந்தன. இன்று பெரும்பாலான இடங்களில் வங்கிக்கும் முகவருக்கும் நடுவில் ஒரு நிறுவனம் இருக்கிறது. உங்கள் அண்ணி யாரோடு ஒப்பந்தம் போடப் போகிறார், வங்கியோடா, நடு நிறுவனத்தோடா? முதல் கேள்வி அதுதான்.

2014 ஆகஸ்ட் 28இல் ஜன்தன் திட்டம் வந்தபோது கிளையில் கூட்டம் தாங்கவில்லை. கணக்குகள் கோடிக்கணக்கில் தொடங்கப்பட்டன. ஆனால் கணக்குத் தொடங்குவது வேறு, அது ஓடுவது வேறு. போட எடுக்க ஆள் பக்கத்தில் இல்லாததால் எத்தனையோ பாஸ்புக்குகள் ஒரு வரிகூட ஏறாமல் பெட்டியில் கிடந்தன. அரசுப் பணம் நேரடியாகக் கணக்குக்கு வர ஆரம்பித்து, கைரேகை வைத்து எடுக்கிற வசதியும் ஊருக்குள் வந்த பிறகுதான் அவற்றில் உயிர் வந்தது.

இன்னொன்று. வாரம் 5 நாள், நாளைக்கு 4 மணி நேரமாவது திறந்திருக்கும் நிலையான முகவர் மையத்தையும் வங்கி மையமாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று 2017இல் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அதனால் வங்கிக்கும் உங்கள் அண்ணி தேவை. கூச்சப்படாமல் பேரம் பேசச் சொல்லுங்கள்.

ரேகைமையம் எழுதியது:

நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன். பழையகிளை சார் வரலாறு சொன்னார், நான் கைக்காசு விஷயத்தைச் சொல்கிறேன்.

இந்த வேலைக்கு முதல் தேவை ரொக்கம். ஒருவர் ரேகை வைத்து 1,000 ரூபாய் எடுத்தால் என் பெட்டியிலிருந்து 1,000 போகிறது, இந்த வேலைக்காக வங்கியில் வைத்திருக்கும் என் செட்டில்மென்ட் கணக்கில் 1,000 ஏறுகிறது. யாராவது பணம் கட்டினால் இது தலைகீழாக நடக்கும். கிராமத்தில் எடுப்பவர்கள்தான் அதிகம். அரசுப் பணம் விழும் வாரத்தில் மதியத்துக்குள் பெட்டி காலியாகிவிடும், பணம் முழுக்கக் கணக்கில் நிற்கும். உடனே நான் டவுனுக்கு ஓடி ரொக்கம் எடுத்து வர வேண்டும். ஊர் முழுக்கப் போக வேண்டிய தூரத்தை நான் ஒருவன் போகிறேன். அந்த வழியில் பணப்பைக்குக் காவல் நான்தான்.

கமிஷனுக்கு வருவோம். வேறு வங்கிக் கணக்கிலிருந்து ஆதார் மூலம் எடுத்தால், அந்த வங்கி நம் வங்கிக்குத் தருவது தொகையில் 0.5 சதவீதம், அதிகபட்சம் 15 ரூபாய். ஆயிரம் ரூபாய்க்கு 5 ரூபாய். அதுவும் முழுசாக என் கைக்கு வராது, வங்கியும் நடு நிறுவனமும் எடுத்தது போக மீதிதான். அதே வங்கியின் வாடிக்கையாளர் என்றால் ஒப்பந்தத்தில் என்ன போட்டிருக்கிறதோ அது. ஆக, இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. ஏற்கனவே கடையோ தையலோ ஜெராக்ஸோ வைத்திருப்பவர்களுக்கு இது கூடுதல் வருமானம். சம்பளம் என்று நினைத்து வந்தவர்கள் ஒரு வருடத்துக்குள் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் நான் விடவில்லை. என்னிடம் வருகிற கிழவிகளில் பாதிப் பேர் தன் பெயரில் எவ்வளவு இருக்கிறது என்பதை முதன்முதலாக என் மையத்தில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அதுவரை மகனோ மருமகனோ சொன்னதுதான் இருப்பு.

தெற்குத்தெரு எழுதியது:

எல்லோரும் நல்லதாகவே எழுதுகிறீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மா முதியோர் பணம் எடுக்கப் போனார். முகவர் ரேகை வைக்கச் சொன்னார். "விழவில்லை" என்று மறுபடி வைக்கச் சொன்னார். அப்புறம் "சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார். ரசீதும் இல்லை. வங்கியில் இருக்கும் போன் நம்பர் பழசு, குறுஞ்செய்தியும் வரவில்லை. பல மாதம் கழித்து பாஸ்புக் என்ட்ரி போட்டபோதுதான் அன்றைக்கே 2,000 ரூபாய் எடுக்கப்பட்டிருப்பது தெரிந்தது. கேட்டால் "அப்பவே கொடுத்துட்டேனே பாட்டி, மறந்துட்டீங்களா" என்கிறார். அம்மாவிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. எதை வைத்துப் பேசுவது?

இன்னொருவர் ஆயிரத்துக்குப் பத்து ரூபாய் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார். இதையெல்லாம் பார்த்த பிறகு இந்த ஏற்பாட்டையே எப்படி நம்புவது? படிக்காதவர்களின் கணக்கை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு அதற்குத் தொழில்நுட்பம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

பழையகிளை எழுதியது:

தெற்குத்தெரு, உங்கள் கோபம் நியாயம். சட்டம் உங்கள் பக்கம்தான். முகவர் செய்யும் எந்தத் தவறுக்கும் வங்கியே முழுப் பொறுப்பு, "அது வெளியாள், எங்களுக்குத் தெரியாது" என்று கிளை மேலாளர் கைகழுவ முடியாது. முகவர் தானாக வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கவும் கூடாது. பத்து ரூபாய் பிடித்தது தவறு.

கிளையில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பரிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே குறைதீர்ப்புத் திட்டம்தான், வக்கீல் வேண்டாம், செலவும் இல்லை. விவரம் கேட்க 14448க்குக் கூப்பிடலாம்.

நிரல்வழி எழுதியது:

பணப் பரிமாற்ற மென்பொருளில் வேலை செய்கிறவன் நான். அம்மாவுக்கு நடந்ததைப் புரிந்துகொள்ள உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஆதார் வழி எடுப்பதற்கு மூன்றே மூன்று வேண்டும்: வங்கியின் பெயர், ஆதார் எண், விரல் ரேகை. அட்டை வேண்டாம், ரகசிய எண் வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இது பெரிய வசதி. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. ஒரு முறைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம்.

ரேகை வைத்ததும் கோரிக்கை முகவரின் வங்கிக்குப் போகிறது, அங்கிருந்து வங்கிகளுக்கு இடையே பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ நிறுவனம், அங்கிருந்து வாடிக்கையாளரின் வங்கி. நடுவில் ரேகை சரிதானா என்று ஆதார் ஆணையத்திடம் கேட்டாக வேண்டும். அப்புறம் பதில் அதே வழியில் திரும்பி வர வேண்டும். கிராமத்தில் சிக்னல் ஒரு நொடி போனாலும் பதில் வழியிலேயே தொலைந்துவிடும். கணக்கில் கழிந்திருக்கும், கருவியோ தோல்வி என்று காட்டும். அதனால் முகவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், ஏமாற்றாகவும் இருக்கலாம். பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

வித்தியாசம் தெரிய ஒரே வழி, அந்த இடத்திலேயே மினி ஸ்டேட்மென்ட், அதாவது கணக்கின் கடைசிச் சில வரவு செலவுகளின் பட்டியல், கேட்பது. அதே கருவியில், அதே விரலால் எடுக்கலாம். உண்மையான கோளாறு என்றால் 5 நாளுக்குள் வங்கியே பணத்தைத் திருப்பிப் போட வேண்டும், தாமதமானால் நாளைக்கு 100 ரூபாய் இழப்பீடு. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதி இது. கிராமத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? முகவர் மையத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டிய விஷயம்.

ரேகையைத் திருடுவதும் நடந்திருக்கிறது. சில மாநிலங்களில் நிலப் பத்திரங்களில் இருந்த கைரேகையையும் ஆதார் எண்ணையும் எடுத்து, ரப்பரில் விரல் செய்து பணம் எடுத்தார்கள். 2023இல் ஆதார் ஆணையம், வைத்திருப்பது உயிருள்ள விரல்தானா என்று சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. நாமும் ஒன்று செய்யலாம். தேவையில்லாத நாட்களில் ரேகையைப் பூட்டி வைக்கும் வசதி ஆதார் செயலியில் உண்டு, எடுக்கப் போகும்போது திறந்துகொள்ளலாம். போன் பழக்கம் உள்ள பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதைச் செய்து கொடுங்கள். அப்படியே வங்கியில் சரியான போன் நம்பரையும் பதிவு செய்துவிடுங்கள்.

புதுவாசி எழுதியது:

இப்போது எல்லோரும் போனிலேயே பணம் அனுப்புகிறார்களே. சாதாரண பட்டன் போனுக்குக்கூட 2022இலேயே யுபிஐ 123பே வந்துவிட்டது. இன்னும் எதற்கு முகவர், கைரேகை எல்லாம்?

ரேகைமையம் எழுதியது:

அனுப்பலாம் தம்பி, ஆனால் போனிலிருந்து நோட்டு வராது. கூலியும் சில்லறைக் கடனும் குழுத் தவணையும் இன்னும் ரொக்கத்தில்தான் புரள்கின்றன. அப்புறம், யுபிஐக்குக் கணக்கோடு இணைந்த நம்பர் உள்ள போன் கையில் இருக்க வேண்டும். என்னிடம் வருபவர்களில் பலருக்கு இணைந்திருப்பது பேரன் நம்பர், அவன் திருப்பூரில் இருக்கிறான்.

நைரோபியிலிருந்து எழுதியது:

நான் கென்யாவில் வேலை பார்க்கிறேன். இங்கே இதே பிரச்சினையை வேறு மாதிரி தீர்த்திருக்கிறார்கள்.

2007 மார்ச்சில் சஃபாரிகாம் நிறுவனம் எம்-பெசா என்ற சேவையைத் தொடங்கியது. மூலைக்கு மூலை முகவர் கடை. பட்டன் போன் போதும், இணையம் வேண்டாம். எடுக்கும்போது வாடிக்கையாளர்தான் தன் போனில் முகவரின் எண்ணையும் தொகையையும் அழுத்தி, தன் ரகசிய எண்ணைப் போடுகிறார். இருவருக்கும் உடனே குறுஞ்செய்தி வரும். அதைப் பார்த்த பிறகுதான் முகவர் நோட்டை எண்ணுவார். நம் ஊரில் எல்லாம் முகவர் கையிலுள்ள கருவியில் நடக்கிறது, வாடிக்கையாளரின் பங்கு விரலை நீட்டுவது மட்டும்தான். தெற்குத்தெரு சொன்ன ஏமாற்று நடக்க அதுதான் இடம் கொடுக்கிறது என்று நினைக்கிறேன்.

இன்னொரு வித்தியாசம் கட்டணம். பணம் போடுவது இங்கே இலவசம், எடுக்கக் கட்டணம் உண்டு. எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிந்த பட்டியல், முகவருக்கு அதிலிருந்து பங்கு போகும். நம் ஊரில் வாடிக்கையாளருக்கு இலவசம் என்று வைத்துவிட்டு, முகவருக்கு 5 ரூபாயில் ஒரு பங்கைக் கொடுக்கிறோம். அவர் பத்து ரூபாயைத் திருட்டுத்தனமாகப் பிடிப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லையா?

தெற்குத்தெரு எழுதியது:

சம்பந்தம் இருக்கலாம், ஆனால் அதற்காக ஏழைகளிடம் கட்டணம் வாங்குவதை ஏற்க முடியாது. ஆயிரம் ரூபாய் உதவித்தொகையில் பத்து ரூபாய் என்பது அவர்களுக்குக் காசுதான். பணத்தை நேராகக் கணக்கில் போடுகிறோம் என்று முடிவெடுத்தது அரசு. அது கைக்கு வந்து சேரும் செலவையும் அரசும் வங்கியும்தான் ஏற்க வேண்டும். முகவருக்கு மாதம் ஒரு நிலையான தொகை கொடுங்கள், அதற்கு மேல் கமிஷன் கொடுங்கள்.

ரேகைமையம் எழுதியது:

இதில் நான் தெற்குத்தெரு பக்கம். நிலையான தொகை இல்லாததால்தான் குறுக்கு வழிகள் வருகின்றன. ஒரு உதாரணம்: உச்சவரம்பு 15 ரூபாய் என்பதால் 9,000 ரூபாயை ஒரே தடவையில் எடுத்தால் 15, மூன்று மூவாயிரமாகப் பிரித்தால் 45. சிலர் பிரிக்கிறார்கள். பாதிப்பு வாடிக்கையாளருக்கு. அடிப்படை சேமிப்புக் கணக்கில் மாதம் 4 முறை இலவசமாக எடுக்க விட்டால் போதும் என்பதுதான் வங்கிகளுக்கான குறைந்தபட்ச விதி, பிரித்துப் பிரித்து எடுத்தால் அது ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

முகவர் வழியாக ஆள் சேர்க்கும் காப்பீட்டிலும் இதே கதை. வருடம் 20 ரூபாய் விபத்துக் காப்பீடு, 436 ரூபாய் ஆயுள் காப்பீடு, இரண்டும் நல்ல திட்டங்கள். ஆனால் இலக்கு கொடுத்து விரட்டும்போது, கேட்காமலேயே சேர்த்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உதவித்தொகையில் 436 குறைந்தால் அந்த வீட்டில் அந்த மாதம் எப்படி இருக்கும்? வரப்போரம், அண்ணியிடம் இதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: விளக்கிச் சொல்லி, அவர்கள் சரி என்ற பிறகுதான் விரல்.

குழுநோட்டு எழுதியது:

நான் மகளிர் குழுவிலிருந்து முகவரானவள். அண்ணனுக்கு வருகிற பயம் என் வீட்டுக்காரருக்கும் இருந்தது.

பெண் முகவர் என்பதில் ஒரு பெரிய நன்மை உண்டு. ஆண்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வந்து "என் கணக்கில் எவ்வளவு" என்று கேட்க எங்கள் ஊர்ப் பெண்கள் கூச்சப்படுவார்கள். என் வீட்டுத் திண்ணைக்கு மாடு கட்டிவிட்டு வருகிற வழியில் வருகிறார்கள். "அக்கா, இதில் இருநூறு எடுக்காமல் விடு, அவருக்குத் தெரிய வேண்டாம்" என்பார்கள். அந்த இருநூறுதான் சேமிப்பு. கிளை மேலாளர் எத்தனை முகாம் போட்டாலும் இது வராது.

ரேகை விழாதது பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை. அதுதான் தினப்படிப் போராட்டம். பீடி சுற்றுகிறவர்கள், செங்கல் சூளையில் இருப்பவர்கள், வருஷக்கணக்காகக் களை எடுத்தவர்கள், இவர்களுக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வழவழவென்று தேய்ந்திருக்கும். நான் முதலில் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்வேன், நன்றாகத் துடைத்து, கருவியின் கண்ணாடியையும் துடைப்பேன். வறண்ட விரல் என்றால் தலைமுடியில் ஒரு தடவு தடவி வைக்கச் சொல்வேன், அந்த எண்ணெய்ப்பசை போதும். அப்புறம் மோதிர விரல், சுண்டு விரல். வேலையில் அதிகம் தேயாத விரல்கள் அவைதான், பல நேரம் விழுந்துவிடும். எந்த விரல் விழுந்தது என்பதை அவர்கள் பாஸ்புக் பின்னட்டையில் எழுதி வைத்துவிடுவேன், அடுத்த மாதம் நேராக அதிலேயே ஆரம்பிக்கலாம். எதுவுமே விழாவிட்டால் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்க அனுப்புவேன். தபால்காரர் வழியாகச் சேவை தரும் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி 2025இல் முகம் காட்டி எடுக்கும் முறையைக் கொண்டுவந்திருக்கிறது. எல்லா வங்கியும் சீக்கிரம் கொண்டுவர வேண்டும். ரேகை தேய உழைத்தவருக்கு அந்த உழைப்பாலேயே பணம் கிடைக்காமல் போவது பெரிய அநியாயம்.

கெட்ட பெயர் வராமல் இருக்க நான் வைத்திருக்கும் வழக்கம்: தொகையை வாய்விட்டுச் சொல்வேன், கருவியும் தமிழில் சொல்லும்படி வைத்திருக்கிறேன். நோட்டை அவர்கள் கையில் எண்ணிக் கொடுத்து, அவர்களையும் எண்ணச் சொல்வேன். தோல்வி என்று வந்தால் அந்தத் தோல்விச் சீட்டையும் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுவேன். காகிதச் சுருள் செலவு என் தலையில்தான், ஆனால் அதில் சிக்கனம் பார்ப்பதில்லை. கருவி வேலை செய்யாத நாளில் "பணத்தை வைத்துக்கோ, நாளைக்குக் கட்டிக்கொள்" என்று எவ்வளவு நெருங்கினவர் சொன்னாலும் வாங்க மாட்டேன்.

நிரல்வழி எழுதியது:

குழுநோட்டு அக்கா கடைசியாகச் சொன்னது பொன்னான வழக்கம். அதோடு ஒன்று. முகவரிடம் புதுக் கணக்குத் தொடங்கும்போது ஆதாரையும் இணைத்துவிட்டால், அரசுப் பணம் அன்றிலிருந்து அந்தப் புதுக் கணக்குக்குத் திரும்பிவிடும். கடைசியாக எந்தக் கணக்கில் அதற்காக இணைத்தார்களோ அங்கேதான் போகும். "இந்த மாதம் பணம் வரவில்லை" என்று வருகிறவர்களில் பலருக்குப் பணம் வந்திருக்கும், வேறு வங்கியில். எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்தில் பார்க்கலாம். அண்ணி இதைப் பார்த்துச் சொல்லக் கற்றுக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

வரப்போரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மொத்தத்தையும் அண்ணனுக்கும் அண்ணிக்கும் படித்துக் காட்டினேன். தெற்குத்தெருவின் அம்மா விஷயத்தைக் கேட்டு அண்ணன் முதலில் வேண்டாம் என்றார். குழுநோட்டு அக்கா எழுதியதைக் கேட்ட பிறகு, அண்ணியே இந்த வேலையைச் சரியாகச் செய்தால் அப்படி ஒன்று நம் ஊரில் நடக்காதே என்கிறார். அண்ணியிடம் தையல் மெஷின் இருக்கிறது, அதனால் இதை மட்டும் நம்பி இருக்க வேண்டியதில்லை. கையெழுத்துப் போடும் முன் வங்கியில் என்னென்ன கேட்க வேண்டும்?

பழையகிளை எழுதியது:

கமிஷன் விவரம் எழுத்தில் வேண்டும்: எந்த வேலைக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் வரும், நடு நிறுவனத்தின் பங்கு எவ்வளவு. நிலையான மாதத் தொகை உண்டா என்று கேளுங்கள், சில வங்கிகள் தருகின்றன. கருவிக்கு முன்பணம் கேட்டால் ரசீதும், வேலையை விட்டால் திருப்பித் தருவார்களா என்பதும் எழுத்தில் வேண்டும். ரொக்கத்துக்கு ஓவர்டிராஃப்ட் வரம்பு, அதாவது கணக்கில் இருப்பதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும் வசதி, கொடுப்பார்களா? வழியிலோ வீட்டிலோ பணம் களவு போனால் காப்பீடு உண்டா? இந்த இரண்டுக்கும் "அப்புறம் பார்க்கலாம்" என்று பதில் வந்தால் அவசரப்பட வேண்டாம்.

அரசுப் பணம் விழும் நாட்களில் கிளையில் வரிசையில் நிற்காமல் அண்ணிக்கு ரொக்கம் கிடைக்க மேலாளர் ஏற்பாடு செய்ய வேண்டும். இதை நேரில் பேசி முடித்துவிடுங்கள். மையத்தின் பலகையில் கிளையின் பெயர், மேலாளரின் அலுவலக எண், சேவைகளுக்கு முகவரிடம் பணம் தர வேண்டாம் என்ற வரி, மூன்றும் இருக்கட்டும். நிரல்வழி சொன்ன 5 நாள் விதியையும் கீழே சேர்த்துவிடுங்கள்.

முகவர்களுக்கு ஐஐபிஎஃப் என்ற வங்கித் துறைப் பயிற்சி நிறுவனம் நடத்தும் சான்றிதழ் தேர்வு ஒன்று இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம், குழுக் கணக்கு எழுதிப் பழகினவருக்குக் கஷ்டமே இருக்காது. பாடப் புத்தகத்தைக் கிளையில் கேட்டுப் பாருங்கள்.

தெற்குத்தெரு, நீங்கள் புகாரை எழுதிவிட்டு இங்கே ஒரு வரி போடுங்கள். வாசகம் சரிபார்த்துத் தருகிறேன்.

தெற்குத்தெரு எழுதியது:

எழுதிக்கொண்டிருக்கிறேன் சார். பாஸ்புக் பக்கத்தின் நகலையும் சேர்த்திருக்கிறேன். அன்றைய தேதி, எடுத்த நேரம், எந்தக் கருவி என்ற விவரத்தை வங்கியே தர வேண்டும் என்று கேட்கலாமா?

பழையகிளை எழுதியது:

கண்டிப்பாகக் கேளுங்கள். பரிமாற்ற எண், முகவரின் குறியீட்டு எண், கருவியின் எண் மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். வங்கியின் பதிவில் மூன்றும் இருக்கும். அதே நாளில் அதே கருவியில் வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா என்று பார்க்கும்படியும் ஒரு வரி சேருங்கள். உங்கள் அம்மா ஒருவருக்கு மட்டும் நடந்திருக்க வாய்ப்புக் குறைவு. தெருவில் மற்ற பெரியவர்களின் பாஸ்புக்கையும் இந்த வாரமே என்ட்ரி போட்டுப் பாருங்கள்.